சார்பு

கிறேசியன் அண்ணனின் ஒலிபெருக்கிக் கடைக்கு
நினைவூட்டி எழுதுகிறேன்.
எந்தக் கோயில், எந்த நாள்,
எத்தனை பெட்டி, எத்தனை குழல், எவ்வளவு வயர்.
ஒருமுறை திகதி பிசகி
அச்சுவேலிப் பக்கம் ஒரு சூரன்போர்
ஒலிபெருக்கி இல்லாமல் நடந்ததாம்.
சூரன் சத்தமில்லாமல் செத்தானாம்.
அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

சீ.ஆர். கொப்பி ஒன்றில் எல்லாம் எழுதித் தந்தார்.
ஒன்றுகூடத் திகதி இல்லை.
"ஆடி அமாவாசையில இருந்து ஆறாம் நாள்."
"பங்குனியில கடைசித் திங்கள்."
"உயிர்ப்பு ஞாயிறுக்கு நாப்பத்தாறு நாள் முன்னம்."
"நாகதம்பிரானுக்கு, ஐயர் சொல்லுற நாள்."
வாக்கியமோ திருக்கணிதமோ என்று கேட்டேன்.
"ரெண்டு பகுதியும் காசு தருகினம், பிள்ளை.
ரெண்டையும் போடு."

எண் என்றால் எழுதிவைத்துவிடலாம்.
இவர் தந்தது வழி.
கடைசித் திங்களைப் பிடிக்க
அடுத்த மாதத்து முதலாம் நாள்வரை போகவேண்டும்,
ஒரு அடி பின்வைக்கவேண்டும்,
திங்கள் தட்டுப்படும்வரை
வந்த வழியே திரும்பி நடக்கவேண்டும்.
ஏழால் வகுத்து மிஞ்சினால் கிழமை.
முப்பதால் என்றால் திதி.
இருபத்தேழால் நட்சத்திரம்.
மிச்சத்தில்தான் இந்த வேலை முழுக்க.
ஈவை ஒருவரும் கேட்பதில்லை.

மூன்று கிழமையில் ஓடத் தொடங்கியது.
போன வருசங்களைக் கொடுத்துச் சோதித்தேன்.
நல்லூர்க் கொடி, சரி.
பெரிய வெள்ளி, சரி.
பின்னோக்கியும் பிழையில்லாமல் ஓடுகிறது.
இரவு பதினொரு மணி,
கைக்கு வேறு திகதி வரவில்லை.
தொண்ணூற்றைந்து, ஒக்டோபர், முப்பது
என்று அடித்தேன்.

என் அடையாள அட்டையில் நவம்பர் ஒன்பது.
அது கொடிகாமத்தில்
பதிவுகாரர் மேசைக்கு வந்த நாள்.
வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நின்ற மனுசியின்
பிள்ளைக்கும் அதே நாள்தான்.

திரை சொன்னது:
வளர்பிறை, அட்டமி.
இரவு ஒன்பது மணியளவுவரை உத்திராடம்.
பிறகு திருவோணம்.

அம்மா முழித்துத்தான் கிடந்தா.
"நான் பிறக்கேக்க ஒன்பது மணி ஆகிட்டுதோ?"
"ஆரிட்ட மணிக்கூடு இருந்தது?"
"நாவற்குழிப் பாலத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"
"பாலத்திலதான். சனம் அசையேல்லை.
எனக்குப் பின்னால ஒருத்தன்
சைக்கிள் கரியலில தையல் மெசின் கட்டிக்கொண்டு வந்தவன்,
அது என்ர குதிக்காலில இடிச்சுக்கொண்டே இருந்தது.
பிறகு இடி நிண்டுது.
பாத்தால், மெசினை இறக்கி வைச்சிட்டு
பைக்குள்ள துணி தேடுறான்.
உன்னை அதிலதான் சுத்தினது."
"என்ன துணி?"
"ஆற்றையோ பள்ளிக்கூடச் சட்டை.
கை இன்னும் பொருத்தேல்லை."
"நிலா எந்தப் பக்கம் நிண்டது?"
"மழையடி. நிலாவை ஆர் பாத்தது?"
மறுபக்கம் திரும்பிப் படுத்தா.

சார்பு ஒரு விடையைத்தான் தரவேண்டும்,
அப்படித்தான் படித்தது.
இதற்கு மட்டும் இரண்டு தர விட்டேன்.
ஐப்பசி வளர்பிறையில் உத்திராடம்,
அடுத்த நாள் திருவோணம்.
மேலே ஒரு குறிப்பு: இதைத் திருத்தவேண்டாம்.
அழித்துவிட்டுத்தான் கொடுக்க நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை கடையில்
குழல்களுக்கு நடுவில் கதிரையை இழுத்துப் போட்டு
அண்ணன் ஒவ்வொன்றாய் வாசித்தார்.
"உதென்ன, ஐப்பசியில அடுத்தடுத்து ரெண்டு நாள்?
பெட்டி பூச்சியம், வயர் பூச்சியம்."
பிழையில்லை என்றேன்.
"எவடத்துக் கோயில்?"
நாவற்குழி என்றேன், வேறெதுவும் வாயில் வரவில்லை.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பாலத்தடியோ? அங்க கரண்ட் எடுக்கேலாது.
ஜெனரேற்றர் ஒண்டு போடு."

ஒன்று என்று போட்டேன்.